மைலோமாவைத் தினமும் பார்ப்பவர் எங்கே இருக்கிறார்?

வாசகி ஒருவரின் கடிதம்:

"என் அப்பாவுக்கு 64 வயது. ஆறு மாதமாக முதுகு வலி. தசைப்பிடிப்பு என்று நினைத்து வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தார். சென்ற மாதம் குனிந்து வாளியைத் தூக்கியபோது முதுகெலும்பு ஒன்று நொறுங்கிவிட்டது. பரிசோதனைகளுக்குப் பிறகு, எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் என்றார்கள். ஹீமோகுளோபின் 9.2, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.8, மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 40 சதவீதம். எங்கள் புற்றுநோய் மருத்துவர் அடுத்த வாரமே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறார். நல்ல மனிதர்; ஆனால் எல்லா வகைப் புற்றுநோய்களையும் பார்ப்பவர். இந்த நோய்க்கென்றே தனி நிபுணர்கள் இருக்கிறார்களா? அவர்களை எப்படித் தேடுவது? அங்கே போனால் இவர் மனம் வருந்துவாரோ என்றும் தயக்கம். உறவினர்கள் தினம் ஒரு புதிய சிகிச்சையைப் பற்றிச் செய்தி அனுப்புகிறார்கள். மாமா கார்-டி சிகிச்சைதான் வேண்டும் என்கிறார். ஆராய்ச்சியில் சேர்த்தால் அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று அம்மா அழுகிறார். தம்பி தன் மஜ்ஜையைக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். அவனுக்கு எப்போது பரிசோதனை செய்ய வேண்டும்?"

பதில்:

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவின் தலைமாட்டில் உள்ள வலி மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் என்று ஏதாவது அதில் எழுதியிருந்தால், இன்றே மருத்துவரை அழைத்து அதை நிறுத்திவிட்டு வேறு என்ன கொடுக்கலாம் என்று கேளுங்கள். மைலோமா செல்கள் சுரக்கும் லைட் செயின் என்ற புரதத் துணுக்குகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அப்படித் திணறும் சிறுநீரகத்தை இந்த வகை மாத்திரைகள் மேலும் கெடுக்கும். அந்த 1.8இல் நோயின் பங்கு எவ்வளவு, ஆறு மாத மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று இங்கிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுக்கப் போகும்போது, படம் தெளிவாக விழுவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றுவதற்கு முன்பே "மைலோமா, கிரியாட்டினின் 1.8" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அப்பாவுக்குக் கால்கள் திடீரென்று வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் தடங்கல் வந்தாலோ, தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது நிபுணரையெல்லாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் அவசரப் பிரிவு இருக்கிறதோ அங்கே உடனே போங்கள். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். இந்த நோயாளிகளின் நோய் எதிர்ப்பாற்றலுக்குக் காய்ச்சலை ஒருநாள் பொறுத்துப் பார்க்கும் வசதி கிடையாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஆம், இரத்தவியல் நிபுணர்களிலேயே மைலோமாவை மட்டும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் தேவைப்படுவதற்குக் காரணம் இந்த நோயின் அபூர்வம். அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் மைலோமாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. மார்பகம், நுரையீரல், குடல் என்று எல்லாவற்றையும் பார்க்கும் மருத்துவரிடம் ஆண்டுக்குச் சிலர்தான் இந்த நோயோடு வருவார்கள். அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் இந்தத் துறை ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுக்க, தினமும் இதையே பார்த்தாக வேண்டும். 1960களில் வந்த மெல்ஃபலானும் பிரட்னிசலோனும்தான் பல பத்தாண்டுகளுக்கு முக்கிய மருந்துகளாக இருந்தன. குழந்தைகளின் உறுப்புக் குறைபாடுகளால் உலகமே சபித்த தாலிடோமைடு, மைலோமாவில் வேலை செய்கிறது என்று 1999இல் தெரிந்தது. 2003இல் போர்ட்டிசோமிப், 2006இல் லெனலிடோமைடு, 2015இல் டராட்டுமுமாப் என்று அமெரிக்க அனுமதி வரிசையாகக் கிடைத்தது. நான் படித்த காலத்துப் பாடப்புத்தகத்தின் மைலோமா அத்தியாயத்தை இன்று யாராவது பின்பற்றினால் அதைத் தவறான சிகிச்சை என்றே சொல்வேன்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 90,000க்கும் மேற்பட்ட மைலோமா நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஆண்டுக்கு மிகச் சில மைலோமா நோயாளிகளை மட்டும் பார்த்த இடங்களைவிட, பத்துக்கு மேல் புதிய நோயாளிகளைப் பார்த்த இடங்களில் இறப்பு குறைவாக இருந்தது. பத்து என்பது மிகப் பெரிய எண் அல்ல என்பதைக் கவனியுங்கள். உலகப் புகழ்பெற்ற மையத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான்: திட்டத்தை மைலோமா நிபுணர் போடட்டும், ஊசியை உங்கள் மருத்துவர் போடட்டும். இந்தச் சிகிச்சையின் நாள்கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். டராட்டுமுமாப் முதல் எட்டு வாரம் வாரம் ஒருமுறை, அடுத்த பதினாறு வாரம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. போர்ட்டிசோமிப் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. நொறுங்கிய முதுகெலும்போடு ஒரு மனிதர் இத்தனை முறை நீண்ட பயணம் போவது கொடுமை. இரண்டு மருந்துகளும் தோலுக்கடியில் போடும் ஊசிகள். உங்கள் மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். நிபுணரை ஆரம்பத்தில் ஒருமுறை, ஸ்டெம் செல் சிகிச்சைக்கு (அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்) முன் ஒருமுறை, நோய் திரும்பினால் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். இடையில் வீடியோ வழியாகப் பேசலாம்.

அந்த முதல் சந்திப்பு மட்டும் மருந்து தொடங்குமுன் நடந்துவிடுவது நல்லது. ஏன் என்பதற்கு ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் அண்ணனை அழைத்துக்கொண்டு வந்தார். துணிப்பை நிறையக் காகிதங்கள். மேஜையில் பரப்பினோம். மருந்துக்கடை ரசீது, மூன்று ஆண்டுக்கு முந்தைய கண் பரிசோதனைச் சீட்டு, எக்ஸ்ரே படங்கள், எல்லாம் இருந்தன. மஜ்ஜைப் பரிசோதனை முடிவும் இருந்தது. ஆனால் ஃபிஷ் என்ற குரோமோசோம் பரிசோதனை செய்யப்படவே இல்லை. நான்கு சுற்று மருந்து முடிந்து, மஜ்ஜையில் நோய்ச் செல்கள் கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. மனிதர் நலமாக இருந்தார், அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அவருடைய நோய் சாதுவானதா, முரடானதா என்பதைச் சொல்லும் சாட்சி, மருந்தோடு சேர்ந்து கரைந்துபோய்விட்டது. அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ஃபிஷ் என்பது நோய்ச் செல்களின் குரோமோசோம்களில் என்ன உடைந்திருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது என்று பார்ப்பது. 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போயிருப்பது, 4க்கும் 14க்கும் இடையிலோ 14க்கும் 16க்கும் இடையிலோ பரிமாற்றம், 1ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி கூடுதலாக இருப்பது ஆகியவை நோய் முரடானது என்பதற்கான அடையாளங்கள். சிகிச்சையின் தீவிரமும் அதன் பின் எத்தனை காலம் பராமரிப்பு மருந்து தொடரும் என்பதும் இதைப் பொறுத்தவை. அப்பாவின் மஜ்ஜை மாதிரியில் இது செய்யப்பட்டதா என்று நாளைக்கே கேளுங்கள். பிளாஸ்மா செல்களைத் தனியே பிரித்தெடுத்துச் செய்தார்களா என்றும் கேளுங்கள். அப்படிப் பிரிக்காவிட்டால் சில நேரம் கோளாறு கண்ணுக்குத் தப்பிவிடும்.

கேட்க வேண்டிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். எலும்புகளை எக்ஸ்ரேயில் மட்டும் பார்த்திருந்தால் போதாது. எலும்பின் மூன்றில் ஒரு பங்கு கரையும்வரை எக்ஸ்ரே மௌனமாக இருந்துவிடலாம். முழு உடல் சிடி ஸ்கேன் அல்லது பெட் சிடி ஸ்கேன் தேவை. டராட்டுமுமாப் கொடுக்கும் திட்டம் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே இரத்த வகைப் பரிசோதனையை விரிவாகச் செய்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்து சிவப்பணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு, பின்னாளில் இரத்தம் ஏற்றுமுன் செய்யும் பொருத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும். எலும்புக்கான சோலிட்ரானிக் அமிலம் தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அந்த மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. அக்கி வராமலிருக்க அசிக்ளோவிர், லெனலிடோமைடு கொடுத்தால் இரத்தக் கட்டி வராமலிருக்க ஒரு மருந்து, இவையெல்லாம் வழக்கமானவை, மருத்துவரே எழுதிவிடுவார்.

இரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சீரம் எலக்ட்ரோஃபோரெசிஸ் என்ற ரிப்போர்ட்டில் ஒரு வரைபடம் இருக்கும். எடுத்துப் பாருங்கள். இடக்கோடியில் அல்புமினின் உயரமான முகடு, அதன்பின் சிறு சிறு மேடுகள். வலக்கோடி, நம்மைப் போன்றவர்களுக்கு மணல்மேடு சரிந்ததுபோல் அகலமாக இருக்கும். அப்பாவுக்கு அங்கே ஊசி குத்தி நிறுத்தியதுபோல் ஒரு கூர்முனை இருக்கலாம். ஒரே செல்லின் வாரிசுகள் எல்லாம் ஒரே புரதத்தைச் சுரப்பதால் வரும் முனை அது. எம் புரதம் என்பார்கள். சிகிச்சை பலிக்கிறதா என்பதை அந்த முனை தேய்வதிலிருந்து அறிகிறோம். அதனால் அதையும் ஃப்ரீ லைட் செயின் அளவையும் ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். இடம் மாற்றி மாற்றிச் செய்தால், குறைந்தது நோயா, கருவியின் கணக்கா என்று தெரியாது.

இவ்வளவும் செய்ய எத்தனை நாள் ஆகும்? மனம் வைத்தால் ஒரு வாரம், பத்து நாள். மாதக்கணக்கில் தள்ளிப்போட மட்டும் இடமில்லை. கிரியாட்டினின் 1.8இலிருந்து ஏறத் தொடங்கினால் அந்த ஒரு வாரமும் இல்லை. அப்போது உங்கள் மருத்துவர் மருந்தைத் தொடங்கட்டும். நிபுணரின் கருத்து பின்னால் வந்து சேரட்டும். சிறந்த மருத்துவருக்காகக் காத்திருந்து சிறுநீரகத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர் வருந்துவாரா என்கிறீர்கள். இந்த நோயின் கதையே இன்னொருவர் கருத்தைக் கேட்டதில்தான் தொடங்குகிறது. 1845ஆம் ஆண்டு லண்டனில் ஒரு மளிகை வியாபாரி எலும்பு வலியால் துடித்தார். அவரைப் பார்த்த வில்லியம் மெக்கின்டயர், தாமஸ் வாட்சன் இருவருக்கும் அவருடைய சிறுநீரில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. சூடாக்கினால் ஒரு மாதிரி, ஆறினால் வேறு மாதிரி. இருவரும் அதைக் குழாயில் அடைத்து, சிறுநீர் வேதியியலில் கைதேர்ந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு அனுப்பினார்கள். கூடவே போன கடிதத்தின் கடைசிக் கேள்வி "இது என்ன?" என்பது. இன்றும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்ற பெயரில் அது நிலைத்திருக்கிறது. பெரிய மருத்துவர்கள் இருவர் தங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதியனுப்பியிருக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "சிகிச்சை உங்களிடம்தான். தொடங்குமுன் ஒரு மைலோமா நிபுணரிடம் திட்டத்தைக் காட்ட விரும்புகிறோம். கடிதம் தருவீர்களா?" பெரும்பாலோர் நிம்மதியாகத்தான் பெருமூச்சு விடுவார்கள். கோபித்துக்கொண்டால், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

நிபுணரை எங்கே தேடுவது? ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய புற்றுநோய் மையம் அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரத்தவியல் துறையில் தொடங்குங்கள். அங்கே தொலைபேசியில், "மைலோமா நோயாளிகளை யார் பார்க்கிறார்? ஆண்டுக்குப் புதிதாக எத்தனை பேர்?" என்று கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் தடுமாறினால் துறையின் செவிலியரிடம் கேளுங்கள்; அவர்களுக்கு எல்லாம் தெரியும். பெயர் கிடைத்ததும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் அந்தப் பெயரோடு மைலோமா என்று சேர்த்துத் தேடினால் அவர் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறாரா என்று தெரிந்துவிடும். 1990இல் தொடங்கிய இன்டர்நேஷனல் மைலோமா ஃபவுண்டேஷன், நோயாளியான கேத்தி ஜியூஸ்டி தொடங்கிய மல்டிபிள் மைலோமா ரிசர்ச் ஃபவுண்டேஷன், பிரிட்டனின் மைலோமா யூகே ஆகிய அமைப்புகள் நோயாளிகளுக்கென்று எழுதும் கையேடுகள் நம்பகமானவை. உறவினர்கள் அனுப்பும் செய்திகளை அங்கே ஒருமுறை ஒத்துப் பாருங்கள். விளம்பரப் பலகையில் சிரிக்கும் மருத்துவரைவிட, உங்கள் அப்பாவைப் போலவே சிகிச்சை பெற்ற இரண்டு நோயாளிகளின் சொல் எனக்குப் பெரிது.

போகும்போது ரிப்போர்ட்டுகளின் நகல் மட்டும் போதாது. மஜ்ஜைப் பரிசோதனையின் கண்ணாடித் தகடுகளையும், ஸ்கேன் படங்கள் பதிவான சிடி வட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிபுணர் தன் கண்ணால் பார்க்க விரும்புவார்.

இனி ஆராய்ச்சி. அம்மாவின் பயத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் மைலோமாவில் அந்தப் பயம் உண்மை நிலையோடு பொருந்தவில்லை. பெர்சியஸ் என்ற ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் முடிவு வெளியானது. அப்பாவைப் போலப் புதிதாக நோய் கண்ட, ஸ்டெம் செல் சிகிச்சையைத் தாங்கக்கூடிய 709 பேர். ஒரு பாதிக்கு அன்றைய மிகச் சிறந்த மூன்று மருந்துகளும் ஸ்டெம் செல் சிகிச்சையும். மறு பாதிக்கு அதே எல்லாமும், கூடவே டராட்டுமுமாபும். நான்கு ஆண்டு முடிவில் நோய் மீளாமல் உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் சுமார் 68 சதவீதம், இரண்டாம் பிரிவில் சுமார் 84 சதவீதம். வெறும் மாவு மாத்திரை கொடுத்து யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை. அந்த நாலாவது மருந்தை இன்று நான் நம்பிக்கையோடு எழுதுகிறேன் என்றால் அந்த 709 பேர்தான் காரணம்.

ஆய்வில் சேரும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால் அதையும் முதல் ஊசிக்கு முன்பே கேட்க வேண்டும். புதிய நோயாளிகளுக்கான ஆய்வுகள், ஏற்கெனவே சிகிச்சை தொடங்கியவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவசரத்துக்குக் கொடுத்த சில நாள் ஸ்டீராய்டைப் பல ஆய்வுகள் தடையாகக் கருதுவதில்லை. தேதியையும் அளவையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கிரியாட்டினின் அளவுக்கு ஒரு வரம்பு இருக்கும், அப்பாவின் 1.8 அங்கே இடைஞ்சலாகலாம். ஆய்வுகளைத் தேட அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ் தளமும், உலக சுகாதார நிறுவனத்தின் பதிவேட்டுத் தேடலும் இருக்கின்றன. எந்தப் பதிவேட்டிலும் எண் இல்லாத, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் காட்டாத, ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க விடாத 'ஆராய்ச்சி' எதுவும் ஆராய்ச்சி இல்லை. புதிய மருந்துக்கென்று உங்களிடம் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முறையான ஆய்விலிருந்து எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நின்றுபோகாது.

மாமாவுக்கு: கார்-டி அருமையான சிகிச்சைதான். நோயாளியின் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களையே எடுத்து, ஆய்வகத்தில் நோயை அடையாளம் காணப் பழக்கி, சில வாரங்கள் கழித்துத் திரும்ப ஏற்றுவது. மைலோமாவுக்கு 2021இலும் 2022இலும் இரண்டு வகைகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவை முதலில் பல மருந்துகள் தோற்றவர்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டன. 2024இல் சற்று முன்கூட்டியே கொடுக்க அனுமதித்தார்கள். அந்த அனுமதிகூட நோய் மீண்டவர்களுக்கே. இன்னும் முதல் ஊசியே போடாத அப்பாவுக்கு, ஆய்வுக்கு வெளியே, இன்று அது முறையான முதல் சிகிச்சை இல்லை. மாமாவின் ஆர்வத்தைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு நாள் தேவைப்படலாம்.

இணையத்தில் ஆயுள் கணக்கைப் பார்த்திருப்பீர்கள். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் பார்க்காதவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. அந்த எண்கள் பல ஆண்டுகளுக்கு முன் வேறு மருந்துகளோடு சிகிச்சை தொடங்கியவர்களுடையவை. மைலோமாவைப் பெரும்பாலோருக்கு முற்றாகக் குணமாக்க முடிவதில்லை; நீண்ட காலம் அடக்கி வைக்க முடிகிறது. அப்பாவின் ஃபிஷ் முடிவும் முதல் நான்கு சுற்றுக்குப் பிந்தைய எம் புரதமும் கையில் இருக்கும்போது நிபுணரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அப்போது கிடைப்பது அவருக்கான பதிலாக இருக்கும்.

கடைசியாகத் தம்பி. மாற்றுச் சிகிச்சை என்ற பெயர்தான் எல்லோரையும் குழப்புகிறது. மைலோமாவில் வழக்கமாகச் செய்வதற்குக் கொடையாளி வேண்டாம். அப்பாவின் சொந்த ஸ்டெம் செல்களையே இரத்தத்திலிருந்து சேகரித்து உறைய வைத்து, அதிக அளவு மெல்ஃபலான் கொடுத்தபின் அவருக்கே திருப்பி ஏற்றுவார்கள். லெனலிடோமைடு பல மாதம் ஓடிவிட்டால் சேகரிப்பு கடினமாகும் என்பதால், 'எப்போது சேகரிப்பீர்கள்?' என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். தம்பியின் மஜ்ஜை அவனிடமே இருக்கட்டும். ஆனால் அவனுக்கு வேலை இருக்கிறது: ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்கி, காகிதங்களைத் தேதிவாரியாகத் துளையிட்டு அடுக்கி, நிபுணர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. ஃபிஷ் ரிப்போர்ட்டை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.